இரண்டு பெட்டியில் நாலாபுறமும் ஓசை

நான் ஒலிக்கருவிகளோடு கொஞ்சம் பழகியவன் என்று தெரிந்த நாளிலிருந்து நம் சங்கத்து அன்பர்கள் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "சார், ஹோம் தியேட்டர் வாங்கணும்னு பிள்ளைங்க நச்சரிக்கிறாங்க. ஆறு ஸ்பீக்கர் வைக்க வீட்டிலே இடம் ஏது? ரெண்டே ரெண்டை வச்சுக்கிட்டு தியேட்டர் மாதிரி சுத்திலும் சத்தம் வரவைக்கலாம்னு கடைக்காரர் சொல்றாரே, நிஜந்தானா?" வாயால் பதில் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு விஷயம் விட்டுப்போகிறது. ஆகவே எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

சுருங்கச் சொன்னால், முடியும். ஆனால் ஒரே ஓர் ஆளுக்கு. நடு நாற்காலியில் தலையை அதிகம் அசைக்காமல் உட்காருகிற ஒருவருக்கு, பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் ஓசை வருவதுபோல் இரண்டு ஸ்பீக்கரைக் கொண்டே தோன்றச் செய்யலாம். சோபாவின் ஓரத்தில் இருப்பவருக்கும், தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கும், சாய்வு நாற்காலியில் இருக்கும் தாத்தா பாட்டிக்கும் அது கிட்டாது. சில வேளைகளில் அவர்களுக்கு இருந்த தெளிவும் கெட்டுப்போகும். இந்த வித்தை எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று தெரிந்துகொண்டபின் பணத்தை எடுப்பது நல்லது.

இங்குள்ள நம் வீடுகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். கரமனை, வலியசாலை, கோட்டைப் பகுதிகளில் உள்ள பழைய தெருக்களில் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர்தான். வீடு ரயில் பெட்டிபோல் உள்ளே நீண்டு போகும், அகலம் குறைவு. வேலை நிமித்தம் வந்து கழக்கூட்டம் பக்கம் அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு ஹால் கொஞ்சம் சதுரமாக இருக்கலாம். ஆனால் ஒரு பக்கம் பால்கனிக் கண்ணாடி, மறு பக்கம் சாப்பாட்டு மேசை, அதைத் தாண்டி அடுக்களைக்குப் போகும் வழி. 5.1 என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் சாதனத்துக்கோ முன்னால் மூன்று, பக்கவாட்டில் அல்லது பின்னால் இரண்டு, தாழ்ந்த ஓசைக்கென்று ஒரு பெரிய பெட்டி ஆக ஆறு வேண்டும். பின் ஸ்பீக்கர் வைக்கப் பின்சுவரே இல்லாத ஹால்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வாடகை வீடென்றால் ஆணி அடிக்க வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்குவது தனிப் படலம்.

முதலில் காதைப் பற்றி. நமக்கு இருப்பதே இரண்டு காது. அந்த இரண்டை வைத்துக்கொண்டுதான் முன், பின், இடம், வலம், மேல், கீழ் எல்லாவற்றையும் அறிகிறோம். பத்மநாபசுவாமி கோயிலில் உற்சவ நாள்களில் சீவேலி வரும்போது பிராகாரத்துக் கல்மண்டபத்தில் ஒரு தூணருகே கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? வாத்திய முழக்கம் இடப்பக்கம் தொடங்கி, முதுகுக்குப் பின்னால் போய், வலப்பக்கமாகத் திரும்பி வருவது பார்க்காமலே தெரியும். அப்படியானால் ஓசை எங்கிருந்து வந்தாலும், இந்த இரண்டு காதுக்குள் போய்ச் சேருவதை மட்டும் அப்படியே உண்டாக்கிவிட்டால் போதுமே! இந்த எண்ணம்தான் வித்தை முழுவதற்கும் அடிப்படை.

இடப்பக்கமிருந்து வரும் ஓசை இடக்காதை முதலில் அடைகிறது. தலையைச் சுற்றிக்கொண்டு வலக்காதுக்குச் சற்றுப் பிந்திச் சேர்கிறது. அந்தத் தாமதம் எவ்வளவு என்கிறீர்கள்? மிக அதிகமாகப் போனாலும் ஒரு மில்லி விநாடியில் முக்கால் பங்கு இராது, 0.6 அல்லது 0.7 என்று வைத்துக்கொள்ளலாம். அவ்வளவு சிறிய பொழுதையும் மூளை அளந்துவிடுகிறது. இது முதல் தடயம். தலை ஒரு தடுப்புச் சுவர்போல் நிற்பதால் எதிர்க்காதில் ஓசை குறைந்து கேட்பது இரண்டாவது தடயம். தாழ்ந்த ஓசைகளுக்கு நேர வித்தியாசமும், உயர்ந்த ஓசைகளுக்கு அளவு வித்தியாசமும் பயன்படுகின்றன என்று 1907-ல் விளக்கி எழுதியவர் ராலே பிரபு என்ற ஆங்கில விஞ்ஞானி.

மூன்றாவது தடயம் காதுமடல். நேர் முன்னால் இருந்து வரும் ஓசையும் நேர் பின்னால் இருந்து வரும் ஓசையும் இரண்டு காதையும் ஒரே நேரத்தில், ஒரே அளவில்தான் அடைகின்றன. பிறகு எது முன், எது பின் என்று எப்படித் தெரிகிறது? மடலின் மடிப்புகளில் பட்டு உள்ளே போகும்போது உயர்ந்த ஓசைகளில் சில கூடுகின்றன, சில குறைகின்றன. முன்னாலிருந்து வந்தால் ஒரு விதம், பின்னாலிருந்து வந்தால் வேறு விதம். அப்படியும் சந்தேகம் வந்தால் தலையை லேசாகத் திருப்பிப் பார்க்கிறோம். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொருவர் காதுமடலும் ஒவ்வொரு மாதிரி. கடையில் விற்கும் கருவி ஒரு சராசரிக் காதை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. உங்கள் காது அந்தச் சராசரிக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவுதான் உங்களுக்குப் பலன். ஒரே இடத்தில் மாறி மாறி உட்கார்ந்தும் அண்ணனுக்கு ஹெலிகாப்டர் தலைக்குப் பின்னால் பறக்கிறது, தம்பிக்கு டிவிக்குள்ளேயே பறக்கிறது. இருவரும் பொய் சொல்லவில்லை.

இனி இரண்டு ஸ்பீக்கர் விஷயத்துக்கு வருவோம். 1931-ல் லண்டனில் ஆலன் புளூம்லைன் என்ற பொறியாளர் இன்று ஸ்டீரியோ என்று நாம் சொல்லும் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே குரலை ஒரே அளவில் தந்தால், எதிரே நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் குரல் இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமில்லாத வெற்றிடத்திலிருந்து வருவதாகத் தோன்றும். நல்ல ஸ்டீரியோப் பதிவில் கர்நாடக சங்கீதக் கச்சேரியைக் கேளுங்கள். பாடுபவர் நடுவில், மிருதங்கம் பெரும்பாலும் நம் இடக்கைப் பக்கம், வயலின் வலக்கைப் பக்கம் என்று மேடை விரியும். ஆனால் அந்த மேடை ஸ்பீக்கர்களுக்கு வெளியே விரியாது. நம் முதுகுக்குப் பின்னால் வரவே வராது.

ஏன் என்றால், இட ஸ்பீக்கர் இடக்காதுக்கு மட்டும் பாடுவதில்லை. அதன் ஓசை தலையைச் சுற்றி வலக்காதுக்கும் போகிறது. வல ஸ்பீக்கரும் அப்படியே. இந்தக் கசிவுதான் "ஓசை வருவது அதோ அந்தப் பெட்டியிலிருந்து" என்று மூளையிடம் கோள் சொல்லிவிடுகிறது.

இந்தக் கசிவை அழிக்க வழி கண்ட இருவரில் ஒருவர் நம் நாட்டவர் என்பது பலருக்குத் தெரியாது. பிஷ்ணு அடல் லக்னோவில் பௌதிகம் படித்தவர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்தொடர்புப் பொறியியல் பயின்று, 1957 முதல் 1960 வரை அங்கேயே ஒலியியல் கற்பித்தார். 1961-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே மான்ஃபிரட் ஷ்ரோடர் என்ற ஜெர்மானியரோடு சேர்ந்து, இரண்டு ஸ்பீக்கரை வைத்துக்கொண்டே ஓசையை வேறு திசையிலிருந்து வருவதாகத் தோன்றச் செய்யும் முறையை 1960-களின் தொடக்கத்தில் வகுத்தார். காப்புரிமை 1966-ல் கிடைத்தது. செல்பேசியில் குரலைச் சுருக்கி அனுப்பும் முறைகளுக்குப் பின்னாளில் வித்திட்டவர்களுள் ஒருவரும் இவரே.

அந்த முறையின் கருத்து எளிது. இட ஸ்பீக்கரின் ஓசை வலக்காதுக்குக் கசியும் அதே கணத்தில், வல ஸ்பீக்கரிலிருந்து அதே ஓசையைத் தலைகீழாக்கி அனுப்ப வேண்டும். மேடும் பள்ளமும் ஒன்றையொன்று நிரப்பிக்கொண்டு அந்தக் காதில் கசிவு மறைந்துவிடும். இப்படித் திருத்த அனுப்பிய ஓசையும் எதிர்க்காதுக்குக் கொஞ்சம் கசியும். அதற்கொரு திருத்தம், அந்தத் திருத்தத்துக்கொரு திருத்தம் என்று தேய்ந்துகொண்டே போகும். கசிவு அழிந்துவிட்டால் இரண்டு காதுக்கும் தனித்தனியே எதை வேண்டுமானாலும் ஊட்டலாம். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தும்போது ஒவ்வொரு காதுக்கும் எது கேட்குமோ அதை ஊட்டினால், கதவு முதுகுக்குப் பின்னால் சாத்தும்! 'வர்ச்சுவல் சரவுண்ட்' என்று டிவியிலும் ஸ்பீக்கரிலும் போட்டிருப்பவற்றில் முக்கியமான ஒரு வகை இதுதான்.

இதன் பலவீனமும் இதிலேயே இருக்கிறது. விநாடிக்கு 3000 அதிர்வுள்ள ஓர் ஓசையின் அலைநீளம் நாலரை அங்குலம்தான். மேடும் பள்ளமும் சரியாகப் பொருந்தும்படி கணக்குப் போட்டு வைத்திருக்கையில், நீங்கள் தலையை இரண்டேகால் அங்குலம் பக்கவாட்டில் நகர்த்தினால் மேட்டோடு மேடு சேர்ந்துவிடும். அழிய வேண்டிய ஓசை அழியாது, கூடும். இரண்டேகால் அங்குலத்துக்கே இப்படி என்றால் இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு என்ன கேட்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். குரல் உள்ளீடற்று, குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகும். கடையில் உங்களை நடுவில் நிறுத்திப் போட்டுக் காட்டுவதன் காரணமும் விளங்கும். அடுத்த தடவை இரண்டு எட்டு தள்ளி நின்று கேட்டுப் பாருங்கள்.

திரையரங்குக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். கூட்டமாக உட்காரும் இடத்தில் இந்த வித்தை பலிக்காது. அதனால் உண்மையாகவே சுற்றிலும் ஸ்பீக்கர் மாட்டினார்கள். தமிழில் 1995-ல் வந்த 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். முறையைப் பயன்படுத்திய முதல் இந்தியப் படம் என்று பெயர் பெற்றது. 1996-ல் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ். முறையில் வந்தது. அதே ஆண்டு வந்த 'காலாபானி'யை மலையாளத்தின் முதல் டால்பி ஸ்டீரியோ படம் என்பார்கள். தமிழில் நாம் அதைச் 'சிறைச்சாலை' என்று பார்த்தோம். இன்று தம்பானூரில் ஏரீஸ் பிளெக்ஸில் கூரையிலும் ஸ்பீக்கர் வைத்த அட்மாஸ் முறை வந்துவிட்டது. அங்கே எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் மழை தலைக்கு மேலேதான் பெய்யும்.

அந்தத் திரையரங்கு முறைகளில் நமக்குப் பயன்படும் ஒரு செய்தி உண்டு. திரைக்குப் பின்னால் இடம், வலம் தவிர நடுவிலும் ஒரு ஸ்பீக்கர் இருக்கும். கதாபாத்திரங்களின் பேச்சு பெரும்பாலும் அந்த நடு ஸ்பீக்கருக்கென்றே பதிவு செய்யப்படுகிறது. ஓரத்து இருக்கையில் இருப்பவருக்கும் பேச்சு திரையிலிருந்தே வரவேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. வீட்டுக்கு வரும் 5.1 ஒலியிலும் அப்படியே.

இது தெரியாததால் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து கரமனையில் இருக்கும் நண்பர் ஒருவர், வளைகுடாவில் வேலை பார்த்தபோது நல்ல 5.1 சாதனம் ஒன்று வாங்கியிருந்தார். ஊர் திரும்பித் தாயாரோடு குடியேறிய வீட்டில் அதற்கு இடமில்லை. முன் ஸ்பீக்கர் இரண்டையும் பெரிய பெட்டியையும் ஹாலில் வைத்துவிட்டு, மற்ற மூன்றையும் பரணில் போட்டுவிட்டார். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் புகார் படித்தார்: "பாட்டு வந்தா வீடே அதிருது மக்களே. பேச்சு வந்தா உதடு மட்டுந்தான் அசையுது. எனக்குக் காது போச்சுன்னு இவன் டாக்டருகிட்டே கூட்டிட்டுப் போகப் போறானாம்."

அவருக்குக் காது போகவில்லை. அவர் கேட்க வேண்டிய பேச்சுதான் பரணுக்குப் போயிருந்தது! ஆம்ப்ளிஃபயர், நடு ஸ்பீக்கர் இன்னும் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு பேச்சையெல்லாம் அந்த வெற்று முனைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, 'சென்டர்', 'சரவுண்ட்' இரண்டுக்கும் 'இல்லை' என்று கொடுத்தோம். உடனே பேச்சு இடம், வலம் இரண்டுக்கும் சமமாகப் பிரிந்து வந்து நடுவில் நின்றது. செலவு எதுவுமில்லை, நேரம் ஐந்து நிமிடம். டாக்டர் யோசனை கைவிடப்பட்டது. அன்று இரவு தாயும் மகனும் ஒரு பழைய படத்தை முழுக்கப் பார்த்தார்களாம்.

ஆகவே குறைந்த ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். உங்கள் ஆம்ப்ளிஃபயர், டிவிடி பிளேயர், செட்-டாப் பெட்டி எதுவானாலும், வீட்டில் உண்மையில் எத்தனை ஸ்பீக்கர் இருக்கிறது என்று அதற்குச் சொல்லுங்கள். ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கர் கணக்குக் கொடுக்கும் வசதி இல்லையென்றால், ஒலியை அனுப்பும் கருவியில் 'ஸ்டீரியோ' அல்லது 'பி.சி.எம்.' என்று வைத்தால் அது தானே கலந்து இரண்டாக்கி அனுப்பும். 'நைட் மோட்' போன்ற பெயரில் ஒரு வசதி இருந்தால் இரவில் அதைப் போடுங்கள். வெடிச்சத்தத்தை அமுக்கி, மெல்லிய பேச்சைத் தூக்கிக் கொடுக்கும். சுவருக்கு அந்தப்புறம் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் இதன் அருமை தெரியும்.

அடுத்தது ஸ்பீக்கரை வைக்கும் இடம். எத்தனை வித்தை செய்தாலும் இதைச் சரியாக வைக்காவிட்டால் பலிக்காது. இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையில் உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் நாற்காலிக்குள்ள தூரமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கட்டும். மூன்று பக்கமும் ஏழடி என்றால் நம் ஹாலுக்குப் பொருந்தும். உயரம் உட்கார்ந்தவரின் காதுமட்டம். அலமாரி உச்சியில் ஒன்று, தரையில் ஒன்று என்று வைப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். ஓசை ஓர் அடி கடக்க ஏறக்குறைய 1 மில்லி விநாடி ஆகிறது. ஒரு ஸ்பீக்கர் ஓர் அடி பக்கத்தில் இருந்தாலே, முன் சொன்ன 0.7 மில்லி விநாடிக் கணக்கு முழுவதும் குழம்பி, குரல் அந்த ஸ்பீக்கருக்குள் போய் ஒடுங்கிவிடும். தையல்காரர் நாடாவால் அளந்து வையுங்கள், கண்மட்டு போதாது.

கம்பி மாற்றிப் பொருத்துவதும் அடிக்கடி நேர்வது. சிவப்பு முனை சிவப்புக்கும் கறுப்பு முனை கறுப்புக்கும் போக வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவி எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. மிருதங்கத்தின் தொப்பி ஓசையும் மெலிந்துவிடும். சிலர் இதையே "ஆகா, சரவுண்ட் வந்துவிட்டது" என்று மகிழ்வதுண்டு! செய்தி வாசிப்பவர் குரலைப் போட்டுக் கேளுங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தால் இணைப்புச் சரி.

வழவழப்பான தரையும் வெற்றுச் சுவரும் எதிரொலியைக் கூட்டும். திரைச்சீலை, பாய், புத்தக அலமாரி, துணிபோர்த்திய சோபா எல்லாம் உதவி செய்யும். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் ஒரு தடித்த ஜமக்காளம் விரித்தால் பேச்சு தெளிவதை நீங்களே உணர்வீர்கள். தாழ்ந்த ஓசைப் பெட்டியை எங்கே வைத்தாலும் திசை அவ்வளவாகத் தெரியாது. அதனால் பக்கத்து வீட்டோடு பங்கிடும் சுவரில் ஒட்டாமல் வையுங்கள்.

பழைய ஸ்பீக்கர் இரண்டு வீட்டில் சும்மா கிடக்கிறது என்பவர்களுக்கு ஒரு மலிவான வழி உண்டு. அமெரிக்காவில் டேவிட் ஹாஃப்லர் என்பவர் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரப்பிய முறை இது. ஸ்டீரியோப் பதிவில் இடம், வலம் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பது குரல் முதலியவை. இரண்டிலும் மாறுபட்டு இருப்பது அரங்கின் எதிரொலி, கைதட்டல், மழை போன்றவை. அந்த வேறுபாட்டை மட்டும் பிரித்தெடுத்துப் பின்னாலிருந்து கொடுத்தால் சுற்றிலும் இருப்பது போன்ற உணர்வு வரும். டால்பி ஸ்டீரியோப் படங்களில் சரவுண்ட் ஒலியையே இப்படி வேறுபாடாகத்தான் இரண்டு தடத்துக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். அதனால் அக்காலப் படங்களுக்கு இது நன்றாகவே பொருந்தும்.

இணைக்கும் விதம் இப்படி: பின் ஸ்பீக்கர் ஒன்றின் சிவப்பு முனை ஆம்ப்ளிஃபயரின் இடச் சிவப்புக்கு, மற்றொன்றின் சிவப்பு முனை வலச் சிவப்புக்கு, இரண்டின் கறுப்பு முனைகளும் ஒன்றோடொன்று சேரும், ஆம்ப்ளிஃபயருக்குப் போகாது. முன் ஸ்பீக்கர்கள் வழக்கம்போலவே இருக்கும். எல்லாம் 8 ஓம் ஸ்பீக்கராக இருக்கட்டும். அப்போதும் சில வேளை ஆம்ப்ளிஃபயர் மேல் 4 ஓம் பளு விழும். அதைத் தாங்கும் ஆம்ப்ளிஃபயராக இருக்க வேண்டும். செய்தி வாசிக்கும்போது பின் ஸ்பீக்கர்கள் ஏறக்குறைய மௌனமாகிவிட்டால் இணைப்புச் சரி என்று அர்த்தம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கறுப்பு முனைகளும் உள்ளே ஒன்றாகப் பூமி இணைப்பில் சேர்ந்திருக்கும் பழைய பாணி ஆம்ப்ளிஃபயரில்தான் இதைச் செய்யலாம். மின்சாரத்தைத் துண்டித்து, ஸ்பீக்கர் கம்பிகளையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை இரண்டு கறுப்பு முனைகளிலும் வைத்துப் பாருங்கள்; ஏறத்தாழ 0 ஓம் காட்ட வேண்டும். இப்போது வரும் சிறிய டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் கறுப்பு முனையும் ஓசையைத் தள்ளுகிற முனைதான். அவற்றில் இதை முயன்றால் ஆம்ப்ளிஃபயர் புகைந்துவிடக்கூடும். பின் ஸ்பீக்கர்களை நாற்காலியிலிருந்து தள்ளி, மேலே சுவரை அல்லது கூரையைப் பார்த்து வைப்பது நல்லது. இரண்டு இடத்திலிருந்து ஒரே ஓசை வந்தால் முதலில் வந்து சேருவதன் திசையையே காது நம்பும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-ல் இதை ஆராய்ந்து எழுதினார். பின்னோசை முந்திவிட்டால் படம் முழுவதும் பின்னால் போய்விடும்.

சவுண்ட் பார் என்ற நீண்ட கழி ஸ்பீக்கரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இரண்டு ஓசைவழி மட்டும் உள்ளதற்கும், நடுவில் பேச்சுக்கென்று தனி ஓசைவழி உள்ளதற்கும் வித்தியாசம் அதிகம். பெட்டியில் 2.1 என்றிருப்பதைவிட 3.1 என்றிருப்பது குடும்பத்துக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம். எந்த மூலையில் உட்கார்ந்தாலும் பேச்சு நடுவிலிருந்து வரும். பக்கச் சுவரில் ஓசையைப் பாய்ச்சி எதிரொலிக்க வைத்துச் சுற்றோசை தரும் வகைகளும் உண்டு. அவற்றுக்கு இருபுறமும் வெறும் சுவர் வேண்டும். ஒரு பக்கம் வாசல், மறு பக்கம் துணி அலமாரி என்றால் அந்த விலை வீண். மேல்நோக்கிப் பாய்ச்சும் வகைக்குச் சமதளமான கூரை வேண்டும். சரிந்த ஓட்டுக் கூரையுள்ள நம் பழைய வீடுகளில் ஓசை எங்கேயோ போய்த் திரும்பும்.

தனியாகப் பார்ப்பவருக்கு இதில் எதுவுமே தேவையில்லை. நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை மாட்டிக்கொண்டால் இடக்காது ஓசை வலக்காதுக்குக் கசிய வழியே இல்லை. ஆகவே வர்ச்சுவல் சரவுண்ட் மிக நன்றாக வேலை செய்யும் இடம் அதுவே. ஆனால் தலையைத் திருப்பினால் ஓசையும் கூடவே திரும்பிவிடும். முன்னது பின்னதாகத் தோன்றுவதும் உண்டு. விலையுயர்ந்த சில வகைகள் தலை அசைவைக் கவனித்து அதைச் சரிசெய்கின்றன. கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதுவே போதும். அண்டை வீட்டாரும் வாழ்த்துவார்கள்.

கடைசியாக, வீட்டில் ஒரு காது மட்டும் நன்றாகக் கேட்கும் பெரியவர் இருந்தால் வர்ச்சுவல் சரவுண்டை நிறுத்திவிடுங்கள். இரண்டு காதின் வித்தியாசத்தில் வாழும் வித்தை அவருக்கு எந்த நன்மையும் செய்யாது. பேச்சைக் கலங்கடிப்பதுதான் மிச்சம். பல டிவிகளில் 'மோனோ' என்ற அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டால் இரண்டு பக்கத்து ஓசையும் ஒன்றாகி வரும், எதுவும் விட்டுப்போகாது. அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில், கேட்கும் காதின் புறமாக, டிவியிலிருந்து கம்பி இழுத்து ஒரு சிறிய ஸ்பீக்கர் வையுங்கள். கம்பியில்லாத புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். பலவற்றில் ஓசை சற்றுப் பிந்தி வரும், பேச்சை விளங்கிக்கொள்ள உதட்டைப் பார்ப்பவருக்கு அது பெருந்தொல்லை.